ஊஞ்சல் எந்த ஷெட்யூலில்?

பாகப்பிரிவினைப் பத்திரங்களில் எனக்குப் பிடித்தது கடைசிப் பத்தி. 'ஏ' ஷெட்யூல் மூத்தவருக்கு, 'பி' ஷெட்யூல் இளையவருக்கு என்று அங்குலம் பிசகாமல் வெட்டிக்கொண்டே வருவார்கள். கடைசியில், எழுதியவருக்கே அலுத்துப்போனதுபோல, கிணறும் நடையும் பொது என்று முடித்துவிடுவார்கள். அடுத்த சண்டைக்கு அது விதைநெல்.

புதுச்சேரிப் பத்திரம் என்றால் நில அளவு ஹெக்டேர், ஆர், சென்டியாரில் இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள், சென்டியார் போகவில்லை. பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு அதுவும் பெரிய அளவுதான். அரைக்கால், வீசம் என்று இறங்கி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி வரைக்கும் பங்கு போடத் தெரிந்தவர்கள் அவர்கள்.

1804-இல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 815-ஆம் விதி, கூட்டுச் சொத்தில் இருந்தே தீரவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றது. பங்காளிகள் ஒப்பந்தம் போட்டுப் பிரிவினையைத் தள்ளிவைக்கலாம். அதுவும் ஒரு தடவைக்கு ஐந்து வருஷம்தான். அண்ணன் தம்பி ஒற்றுமையில் நெப்போலியனுக்கு அவ்வளவு நம்பிக்கை! ஆனால் இங்கிருந்த இந்துக்களுக்கு அவரவர் வழக்கமே சட்டம் என்று 1819-இல் விட்டுவிட்டார்கள். அந்த வழக்கத்தைப் பிரெஞ்சு நீதிமன்றங்கள் புரிந்துகொண்ட விதம் தனி. அப்பா இருக்கும்வரை பிதுரார்ஜிதமும் அவருடையதே. பிறந்துவிட்டதாலேயே பிள்ளைக்குப் பங்கு கிடையாது. கடலூரில் பிறந்திருந்தால் அப்பாமேல் பாக வழக்குப் போட்டிருக்கக்கூடியவன், இங்கே வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

815-ஆம் விதி வேண்டுமென்று தேடிப்போனவர்களும் உண்டு. நீதிமன்றத்துக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போய்ப் பிரச்சினையில் மாட்டி, பாரிஸ் வரைக்கும் வழக்கை இழுத்து ஜெயித்த வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை அவர்களில் முதல்வர். 1881-இல் வந்த ஆணையின்படி தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து, லபோர்த் என்று குடும்பப் பெயரும் சூடிக்கொண்டார். இப்படித் துறந்தவர்கள் ரெனொன்சான்கள். 1963-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தபோதும் அவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஆக, ஒரே சுவரில் சாய்ந்து நிற்கும் இரண்டு வீடுகளில், இந்தப் பக்கம் செத்தவர் சொத்துக்கு ஒரு சட்டம், அந்தப் பக்கம் செத்தவருக்கு வேறு.

எங்கள் பெரியம்மா வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருந்தது. திண்ணை, நடை, மரத்தூண் வைத்த முற்றம், அதை ஒட்டிய கூடத்தில் ஊஞ்சல். பெரியப்பாவும் அவர் தம்பியும் வழக்காடி, முதல்நிலைத் தீர்ப்பு வாங்கி, வீட்டை அளக்கக் கோர்ட் கமிஷனர் வந்த அன்று நான் பள்ளிக்கூட லீவுக்கு அங்கே போயிருந்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். கூடத்தின் குறுக்கே சாக்பீஸ் கோடு, ஊஞ்சலுக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தது. பலகை, சங்கிலி, கொக்கி, உத்தரம் எல்லாமே பெரியப்பா பக்கம். கமிஷனர் நிம்மதியாகக் குறித்துக்கொண்டார். அப்போது சின்னவர் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் ஊஞ்சலை லேசாகத் தள்ளினார். அது கோட்டைத் தாண்டி அவர் பாகத்துக்குள் போய்விட்டுத் திரும்பியது. "இதுக்கு என்ன சொல்றீங்க?"

கமிஷனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வக்கீல்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியம்மாதான் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்: "தம்பி, அது ஒங்க பக்கம் வர்றப்பல்லாம் நான் காலைத் தூக்கிக்கிறேன், போதுமா?" சிரித்தது டேப் பிடித்திருந்த நான் மட்டும். கமிஷனரின் அறிக்கையில் ஊஞ்சலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்தான்.

கோட்டின்மேல் சுவர் எழும்பியது. அடுத்த தலைமுறையில் பங்காளிகள் சிலர் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். புதுச்சேரியில் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகள் பலவற்றுக்குச் சாவி இருக்கிறது, பாரிசிலிருந்தோ ரெயூனியோனிலிருந்தோ வரவேண்டிய கையெழுத்துத்தான் இல்லை. பெரியம்மா வீட்டுக்கு அது வந்தது. இரண்டு பாதியையும் ஒரே பில்டர் வாங்கி, சுவரை முதல் நாளே இடித்துவிட்டு, எட்டு ஃபிளாட் கட்டினார்.

வாங்குகிறவருக்கு ஃபிளாட் சொந்தம். அடியில் உள்ள நிலத்தில் மட்டும் 'பிரிபடாத பாகம்', புரோக்கர் பாஷையில் யூ.டி.எஸ். பிரிப்பதற்காக ஒரு தலைமுறையே கோர்ட்டுக்கு நடந்த மண்ணைப் பிரிக்காமலே வாங்க இப்போது பேங்க் கடன் தருகிறது. இங்கே 815 செல்லாது. பிரான்சிலேயே 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தில், அடுக்குமாடியின் பொது இடங்களைத் தனியாகப் பிரித்துக் கேட்டு வழக்குப் போட முடியாது என்று எழுதிவிட்டார்கள்.

எட்டும் ஒரே அளவு என்பதால் நிலத்தில் ஆளுக்கு அரைக்கால். விலை கேட்கிற சாக்கில் உள்ளே போய், அந்த அரைக்கால் எந்த மூலையில் வரும் என்று விற்பனைப் பையனிடம் கேட்டேன்.

"எல்லா இடத்துலயும் இருக்கு சார்," என்றான், ஒரு ஆழ்வாரின் தெம்போடு.