சூறைக்குருவியும் ஏழு அயலாரும்

கோவில்பட்டியைக் கடந்து எட்டயபுரம் நோக்கிச் செல்லும்போது, சாலையின் இருமருங்கிலும் கண்ணுக்கெட்டிய தொலைவு கரிசல் பூமி விரிந்து கிடக்கின்றது. வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பி, புரட்டாசியில் விதைத்துத் தையில் அறுக்கும் மானாவாரி நிலம் இது. மழை பெய்தால் நடப்பவன் காலை விடாது பற்றிக்கொள்ளும். கோடையிலோ பாளம் பாளமாக வெடிக்கும். இம்மண்ணுக்கேற்ற பயிர்களை ஆராய்வதற்கென்றே 1901-ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது என்றால், இதன் தனித்தன்மை விளங்கும்.

கடந்த தை மாதத்தில் ஒரு நாள், கிளைக் கிராமம் ஒன்றில் நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். கண்மாய்க் கரையை அடைந்தபோது மேற்கு வானில் கரும்புகைபோல் ஏதோ எழுந்தது. அது நீண்டது, சுருங்கியது, பந்தாய்த் திரண்டது, மறுகணமே வீசிய வலைபோல் விரிந்தது. தலைக்கு மேலே வந்தபோதுதான் அது பறவைக் கூட்டம் என்று தெரிந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, அவை கண்மாயின் கருவேல மரங்களில் அடையும் வரை மெய்ம்மறந்து நின்றேன்.

இவற்றை நம் மக்கள் சூறைக்குருவி என்றும் சோளக்குருவி என்றும் அழைக்கின்றனர். உடல் இளஞ்சிவப்பு, தலையும் சிறகும் வாலும் மினுமினுக்கும் கருமை. கிழக்கு ஐரோப்பா முதல் நடு ஆசியா வரை பரந்த புல்வெளிகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்க நம் நாட்டிற்கு வருகின்றன. அங்கே இவற்றின் உணவு வெட்டுக்கிளி. சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் வெட்டுக்கிளிகளை ஒழிப்பதற்காக, இவை கூடு கட்டவென்று கற்குவியல்களை அமைத்துக் கொடுத்து வரவேற்கின்றனர்! அறிவியலார் இதற்கு இட்டுள்ள இலத்தீன் பெயரின் முற்பகுதி 'பாஸ்டர்', அதாவது ஆயன். மேயும் மந்தைகளைத் தொடர்ந்து சென்று, கால்பட்டுக் கிளம்பும் பூச்சிகளைப் பிடிப்பதால் வந்த பெயர். ஆயன் என்னும் பெயரைத் தாங்கிய எனக்கு, இது சற்றே புன்முறுவலைத் தந்தது.

இவ்வினப் பறவைகளின் கூட்டத்தை ஆங்கிலேயர் 'மர்மரேஷன்' என்பர். 1486-இல் அச்சான புனித ஆல்பன்ஸ் நூலிலேயே இச்சொல் காணப்படுகின்றது. இலத்தீனில் இதன் மூலச்சொல்லுக்கு முறுமுறுப்பு என்பது பொருள். எண்ணற்ற சிறகுகளின் ஓசையைச் செவியால் கேட்டு வைத்த பெயர் அது. நம் முன்னோரோ கண்ணால் கண்டு பெயரிட்டனர். சூறை என்றால் சுழற்காற்று. சூறை என்றால் கொள்ளை. வானத்தில் சுழல்வதையும் வயலில் இறங்கிச் செய்வதையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர்.

அந்த இரண்டாம் பொருளை அன்று மாலையே கற்றேன். கரையின் மறுபுறத்தில், கம்பங்கொல்லை நடுவே, பரண்மீது ஒரு முதியவர் தகர டப்பாவுடன் அமர்ந்திருந்தார். நம் பங்கைச் சேர்ந்தவர்தாம்.

“சாமி, ரொம்ப நேரமாய் வேடிக்கை பார்த்தீர்களே, அழகாய் இருந்ததா?” என்று கேட்டார்.

எனக்கு நாணமாகிவிட்டது. நான் வியந்து நின்ற கூட்டம் அவருடைய கதிர்களை உதிர்த்துவிட்டு எழுந்த கூட்டம்.

“முன்னே ஊர் முழுக்கக் கம்பும் சோளமும்தான் சாமி. குருவி தின்றது யாருக்கும் தெரியாது; ஆளுக்கு ஒரு மரக்கால் போகும். இப்போது எல்லாரும் மக்காச்சோளத்துக்குப் போய்விட்டார்கள். நான் ஒருவன்தான் கம்பு போட்டேன். அத்தனை குருவிக்கும் நான் ஒருவனே படி அளக்கிறேன்” என்றார். பிள்ளைகள் திருப்பூரில் வேலை செய்கின்றனர். காவலுக்கு வேறு ஆளில்லை.

அவ்வார்த்தைகள் என்னை உறங்கவிடவில்லை. ஏனெனில், பறவைகள் கூட்டமாய்ப் பறப்பதன் இரகசியமும் அதுதானே! தனித்துப் பறக்கும் குருவியைப் பைரி எளிதில் அடித்துவிடும். ஆயிரத்தில் ஒன்றாய்ப் பறப்பதற்கோ ஆபத்து ஆயிரத்தில் ஒரு பங்கே. உரோமை நகரின் வானில் பறக்கும், நம் சூறைக்குருவிக்கு உறவான ஸ்டார்லிங் பறவைகளை இத்தாலிய இயற்பியலார் ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டனர். 2021-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜோ பரீசி அக்குழுவில் ஒருவர். அக்கூட்டத்திற்குத் தலைவன் இல்லை. ஒவ்வொரு பறவையும் முழுக் கூட்டத்தையும் நோக்குவதில்லை. தன் அருகிலுள்ள ஆறேழு பறவைகளையே கவனிக்கின்றது. அவை திரும்பினால் தானும் திரும்புகின்றது. அயலாரைக் கவனிக்கும் இச்சிறு செயலிலிருந்தே அப்பெரிய ஒழுங்கு பிறக்கின்றது.

கரிசல்காட்டு முதியவருக்கோ அந்த ஏழு அயலார் இல்லாமற் போயினர்.

முறுமுறுப்பைக் குற்றமென்றே குருமடத்தில் எமக்குக் கற்பித்தனர். ஆனால் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் ஒரு முறுமுறுப்பு வருகின்றது. தங்கள் கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று சிலர் முறையிட்டனர். திருத்தூதர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பணிவிடைக்கென்று எழுவரை ஏற்படுத்தினர். எல்லா முறுமுறுப்பும் பாவமன்று. சில, நாம் செவிமடுக்க வேண்டிய நியாயங்கள்.

ஞாயிறு பூசை முடிந்தபின் இச்செய்தியை மக்களிடம் கூறினேன். பிரசங்கமாக அன்று, நான் வேடிக்கை பார்த்து நின்ற வெட்கக்கதையாகவே கூறினேன். அன்று மாலை முதல் அறுவடை வரை இளைஞர் சிலர் முறைவைத்துப் பரணில் அமர்ந்தனர். வரும் புரட்டாசிப் பட்டத்தில் தாங்களும் ஆளுக்கொரு துண்டு நிலத்தில் கம்பு விதைப்பதாக அண்டை நிலத்தார் இருவர் சொல்லியிருக்கின்றனர். விதைப்பார்களோ, மாட்டார்களோ, மழைதான் முடிவு செய்ய வேண்டும்.

குருவிகள் பங்குனி வாக்கில் திரும்பிவிட்டன. மறுபடியும் வரும். அப்பொழுது நான் வானத்தைப் பார்ப்பதற்கு முன், அவை எழுந்த வயல் யாருடையது என்று முதலில் பார்ப்பேன்.