அப்பத்தாவுக்கு ஒரு ஆள் வேணும்!

செமஸ்டர் லீவு விட்டதும் எங்க செட்டு மொத்தமும் கொடைக்கானலுக்குக் கிளம்பியது. நான் மட்டும் மதுரையிலேயே தங்கிவிட்டேன். காரணம் காதலும் இல்லை, அரியரும் இல்லை. அப்பத்தா!

பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்துபோனது. ஆபரேஷன் முடிந்து, ஒரு வாக்கரையும் ஒரு பை நிறைய மாத்திரையையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயது 76. அப்பாவுக்கு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை, காலையில் போனால் ராத்திரிதான். அம்மா ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள், லீவு எடுத்தால் சம்பளம் கட். மிச்சம் இருப்பது நான்.

"பேரன் நான் இருக்கேன்ல!" என்று வீரமாகச் சொன்னேன். முதல் நாளே வீரம் காலி. பாத்ரூம் போகவேண்டிய நேரத்தில் அப்பத்தா என்னைக் கூப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் அம்மா வரும்வரை பொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அன்று ராத்திரிதான் முடிவானது. ஆள் வைக்கணும்.

"எந்நேரமும் போனைத்தானே நோண்டிக்கிட்டு இருக்க. நல்ல ஏஜென்சியா நீயே பாரு!" என்று அப்பா ஆர்டர் போட்டார்.

பார்த்தேன். கலர் போர்டு, சிரிக்கிற நர்ஸ் படம், 'உங்கள் தாயை எங்கள் தாயாகப் பார்ப்போம்' என்று ஒரு வரி, அஞ்சுக்கு நாலே முக்கால் ஸ்டார். ஓகே பண்ணிவிட்டேன். ஒரு நாளைக்கு 800 ரூபாய், 15 நாள் பணம் முன்கூட்டியே. ஹெட்போன் வாங்கும்போதுகூட இதைவிட அதிகமாக விசாரித்திருக்கிறேன்!

மூன்று பேர், ஒரு திட்டு

முதல் நாள் ஒரு அக்கா வந்தார். நாலாம் நாள் வேறொருவர். ஏழாம் நாள் இன்னொருவர். இடது காலில்தான் ஆபரேஷன், கால் மேல் கால் போடக்கூடாது, தாழ்வாக உட்காரக்கூடாது, ஒருக்களித்துப் படுக்கும்போது ரெண்டு காலுக்கும் நடுவில் தலையணை... இதை ஒவ்வொருவரிடமும் நான் முதலிலிருந்து ஒப்பிக்கணும். அப்பத்தாவோ ஒவ்வொரு புது முகத்திடமும் முதலிலிருந்து வெட்கப்படணும்.

பத்தாம் நாள் ராத்திரி, புடவை மாற்றும்போது அம்மாதான் பார்த்தாள். வால் எலும்பு மேல் கருஞ்சிவப்பாக ஒரு திட்டு. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வார்டு சிஸ்டர் அந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தார்.

"அழுத்தி எடுத்தா வெளுத்துட்டுத் திரும்ப நிறம் வரணும். இது வெளுக்கவே இல்ல பாருங்க. படுக்கைப் புண்ணோட ஆரம்பம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கலையா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஏஜென்சிக்கு போன் போட்டால், "மேடம் மீட்டிங்ல இருக்காங்க." நாலு தடவை போட்டேன். நாலு தடவையும் மீட்டிங்.

வீட்டுக்கு வந்து அந்த மூன்றாவது அக்காவிடம் கத்திவிட்டேன். "பார்த்துக்கத்தானே வந்தீங்க?"

அவர் திருப்பிக் கத்தவில்லை. "தம்பி, போன வாரம் வரைக்கும் நான் பாத்திரக் கடையில இருந்தேன். திங்கக்கிழமை சேர்ந்தேன், செவ்வாக்கிழமை இங்க அனுப்பிட்டாங்க. எப்படித் திருப்பணும்னு யாரும் சொல்லித் தரல. நீங்க குடுக்குற 800-ல எனக்கு 400தான். ஏன் எங்கள்ல யாரும் நாலு நாளைக்கு மேல நிக்கிறதில்லன்னு அவங்ககிட்ட கேட்டீங்களா?"

ஸ்டார் போட்ட புண்ணியவான்கள் கேட்டார்களோ என்னவோ, நான் கேட்கவில்லை.

இந்த முறை நோட்டோடு

இரண்டாவது ரவுண்டுக்குக் கிளம்பும் முன் வார்டு சிஸ்டரிடம் போய், என்னென்ன கேட்கணும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். கடைசிக் கேள்வி மட்டும் அந்த அக்கா கொடுத்தது.

ஏன் நாமே கேட்கணும்? போர்டு மாட்டியிருந்தால் அரசாங்கம் செக் பண்ணியிருக்காதா என்று நானும் நினைத்தேன். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. வீட்டுக்கு ஆள் அனுப்பும் அமைப்புகளும் பதிவு செய்யணும், அனுப்பும் ஆளுக்குப் பயிற்சியும் போலீஸ் வெரிஃபிகேஷனும் இருக்கணும் என்று அதைத் திருத்த 2019 டிசம்பரில் மக்களவையில் மசோதா கொண்டுவந்தார்கள். அது நிறைவேறவே இல்லை. 2024-ல் சபை கலைந்தபோது மசோதாவும் காலாவதி. ஆக, அந்த மசோதா கேட்க நினைத்ததை நாம்தான் கேட்கணும்.

ஒரே மத்தியானத்தில் நாலு ஏஜென்சி ஏறி இறங்கினேன்.

'வருபவர் நர்ஸா, உதவியாளரா?' இது முதல் கேள்வி. படித்து, தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். ஊசி, டியூப், புண்ணுக்குக் கட்டு எல்லாம் அவர் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, நடக்க வைப்பது உதவியாளர் வேலை. எங்களுக்கு உதவியாளர் போதும். ஆனால் உதவியாளரை நர்ஸ் என்று சொல்லி அனுப்பினால் அது ஏமாற்று.

"எங்ககிட்ட எல்லாருமே நர்ஸ்தான் சார்" என்றார் ஒருவர்.

"கவுன்சில் பதிவு நம்பர் பார்க்கலாமா?"

"டீ சாப்பிடுறீங்களா தம்பி?"

சார், ரெண்டே செகண்டில் தம்பி ஆகிவிட்டேன்!

பயிற்சி யார் கொடுத்தது, எத்தனை நாள்? போலீஸ் வெரிஃபிகேஷன் பேப்பர் எங்கே? ஆள் வராவிட்டால் பதிலுக்கு யார், பழைய ஆள் எழுதிய குறிப்பு புது ஆள் கைக்குப் போகுமா? பாதியில் நிறுத்தினால் பாக்கிப் பணம் திரும்பி வருமா, அதை எழுதித் தருவீர்களா? ராத்திரி அவசரம் என்றால் எந்த நம்பர்?

அந்த ராத்திரி நம்பரை நம்பாமல், அன்று பத்தரை மணிக்கு நாலு பேருக்கும் போன் போட்டேன். ரெண்டு பேர் எடுக்கவில்லை. ஒருவர் "காலைல பேசுங்க" என்று வைத்துவிட்டார். ஒரே ஒருவர்தான், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

கடைசிக் கேள்வி: 'நாங்கள் கொடுப்பதில் அவர் கைக்கு எவ்வளவு போகும்?' மூன்று இடத்தில் முறைத்தார்கள். "அது எங்க உள்விவகாரம்." நாலாவது இடம், கே.கே.நகரில் மாடியில் ஒரு சின்ன ரூம். கலர் போர்டெல்லாம் இல்லை. ரிட்டயர்டு நர்ஸ் மேடம் ஒருவர் நடத்துகிறார். யோசிக்காமல் சொன்னார். "850 வாங்குவேன். அவளுக்கு 600. வாரம் ஒரு நாள் லீவு, அதுக்கும் சேர்த்துத்தான்." ராத்திரி போனை எடுத்ததும் அவர்தான்!

எங்களுக்கும் ஒரு பரீட்சை

ஆளை அனுப்பும் முன் அந்த மேடமே வீட்டுக்கு வந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்தார். கட்டில் உயரம், கமோட் சேர், பாத்ரூம் தரை எல்லாம் பார்த்தார். அப்பத்தாவிடமே உட்கார்ந்து, "உங்களுக்கு எது பிடிக்காது?" என்று கேட்டார். அதுவரை யாரும், நான் உட்பட, அப்பத்தாவிடம் எதையும் கேட்டதில்லை.

பிறகு எங்களிடம் ஆரம்பித்தார். "எங்க பொண்ணு எங்க படுப்பா? எப்ப சாப்பிடுவா? அவ லீவு நாள்ல யாரு பார்ப்பீங்க?" அப்படியே அடுப்படி ஜன்னலைப் பார்த்தவர், "இது யாருக்கு?" என்றார்.

தனியாகக் கவிழ்த்து வைத்த ஒரு தட்டு, ஒரு டம்ளர். முந்தின அக்காக்களுக்கு. அம்மா பேசவில்லை.

"குளிப்பாட்ட, கழுவ எல்லாம் அந்தக் கை வேணும். டம்ளரு மட்டும் தனியாம்மா?"

ஏஜென்சிக்கு மார்க் போடக் கிளம்பியவன் நான். அந்த மேடம் எங்க வீட்டுக்கு மார்க் போட்டார். ஃபெயில்!

மறுநாள் கமுதி அக்கா வந்தார். ஊர் கமுதி என்பதால் அந்தப் பெயர். கையில் ஒரு நோட்டு. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினார், என்ன சாப்பாடு, எந்த மாத்திரை, எல்லாம் அதில் எழுதிவிடுவார். அஞ்சாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் மேடம் வந்து நோட்டைப் பார்த்துவிட்டு, அப்பத்தாவின் முதுகையும் குதிகாலையும் பார்த்துவிட்டுப் போனார். திட்டு மெல்ல மெல்ல மறைந்தது. நடைப் பயிற்சிக்கு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும் என்று சொல்லி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்னை அனுப்பியதும் கமுதி அக்காதான்.

அவரது லீவு நாள் என் டியூட்டி. பெட்ஷீட்டைப் பிடித்து, தோல் உரசாமல் திருப்புவது எப்படி என்று சொல்லிக் கொடுத்திருந்தார். முதல் தடவை கை நடுங்கியது. "பயப்படாம திருப்புடா, நான் என்ன கண்ணாடியா?" என்றாள் அப்பத்தா. இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை.

ஆறு வாரம், ஒரே அக்கா. அப்பத்தா இப்போது வாக்கரோடு வாசல் வரை வந்து தெருவை அதட்டுகிறாள். அந்தத் தனி டம்ளரில்தான் அம்மா செடிக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறாள். அதுவரை அக்கா குடித்தது எங்க டம்ளரில்.

உங்க வீட்டிலும் ஒருநாள் இந்த வேலை உங்க தலையில் விழும் ஃப்ரெண்ட்ஸ். நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, வேணும்னா கேளுங்க. ஒன்றே ஒன்று மட்டும்: நான் கடைசியாகக் கேட்ட கேள்வியை நீங்க முதலில் கேளுங்க!