வீட்டுக்கு எத்தனை மூலை?

தை மாதத்தில் நுவரெலியாவின் புல்வெளிகளில் சில காலைகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த நேரத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயம் கிழக்குப் பார்த்திருந்தால், அதன் இஸ்தோப்பில் கிழவிகளும் பிள்ளைகளும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயில் காய்வார்கள். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயம் என்றால், பின்பக்கத்துக் காம்பிராக்காரர்களுக்கு அந்த வெயில் கிடையாது. கூரை ஒன்றுதான், ஆனால் குளிர் இரண்டு விதம்.

வெள்ளைக்காரத் துரைமார் லயத்தை இந்த வடிவில் கட்டியதற்குக் காரணம் சிக்கனம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா. இரட்டை லயத்தின் நடுக் காம்பிராவுக்கு மூன்று பக்கமும் பொதுச் சுவர். செங்கல்லும் தகரமும் மிச்சம். பக்கத்து வீட்டு அடுப்புச் சூடும் கொஞ்சம் கிடைத்தது. வெளிச்சமும் காற்றும்தான் போயின.

பின்னர் இந்திய உதவியில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு 4,000 தனி வீடுகள் வந்தன. ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தனி வீட்டில் நான்கு சுவரும் காற்றையும் மழையையும் வாங்கும். அதனால் அதன் வடிவம் செலவையும் குளிரையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

கணக்கு எளிது. 550 சதுர அடியை 22க்கு 25 அடியாகக் கட்டினால் வெளிச்சுவர் 94 அடி. அதையே ‘ட’ போல மடக்கி, 30க்கு 25 அடிச் செவ்வகத்தில் ஒரு மூலையை வெட்டிவிட்டால் 110 அடி. 11க்கு 50 என்று நீட்டினால் 122. பரப்பு ஒன்றுதான், சுவரும் அத்திவாரமும் பூச்சும் கூடுகின்றன, சூடு வெளியேறும் இடமும் கூடுகிறது. மடங்கிய வீட்டில் இரண்டு கூரை சேரும் பள்ளம் வேறு. தென்மேற்குப் பருவமழையில் முதலில் ஒழுகுவது அதுதான்.

ஆனால் மலையில் சதுரமே எப்போதும் மலிவு என்று சொல்லிவிட முடியாது. நாலடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் 22 அடி ஆழ வீட்டுக்கு ஐந்தரை அடி உயர வித்தியாசத்தைச் சமன்செய்ய வேண்டும். 16 அடி என்றால் நாலடி போதும். மண்ணை வெட்டுவதும் அணைசுவர் கட்டுவதும் சுவர்ச் செலவை விழுங்கிவிடும். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடியது. அதற்குப் பிறகு சரிவை வெட்டுவதைப் பணக்கணக்காக மட்டும் பார்க்க முடியாது.

வெயிலைத் தேடும் வழியும் இங்கே வேறு. லடாக்கில் மார்கழி நண்பகல் வெயில் சுமார் 32 பாகை உயரத்தில் சாய்ந்து வரும். அங்கே பொறியியலாளர் சோனம் வாங்சுக்கின் செக்மோல் பள்ளி தெற்குக் கண்ணாடியாலும் மண் சுவராலும் அதைப் பிடித்து வைக்கிறது. நுவரெலியாவில் அதே வெயில் ஏறக்குறைய 60 பாகையில் நிற்கும். தாழ்வாரமே அதில் பெரும்பகுதியை மறைத்துவிடும். இங்கே உதவுவது கிழக்கு வெயில்.

ஆகவே, வரைபடத்தை மேசன் பாஸிடம் கொடுக்குமுன் மூன்றைப் பாருங்கள். நீளப்பக்கம் சரிவின் குறுக்கே ஓடட்டும். படுக்கையறையும் இஸ்தோப்பும் கிழக்கைப் பார்க்கட்டும். பக்கத்துக் காணிக்காரர் சம்மதித்தால் 25 அடிச் சுவர் ஒன்றைப் பொதுவாக வையுங்கள்: இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வெளிச்சுவர் 188 அடியிலிருந்து 138 அடியாகக் குறையும்.