மங்கம்பேட்டைக்கு ஒரு ஜல்லிக்கல்லோடு

சென்னை ஐயப்பன்தாங்கலிலிருந்து ஆந்திரத்து மங்கம்பேட்டைக்குக் கிளம்புகிறவர் பையில் ஒரு ஜல்லிக்கல்லையும் போட்டுக்கொள்வது நல்லது. அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. பஸ் டிப்போவைத் தாண்டி எந்தத் தெருவுக்குள் திரும்பினாலும் ஓர் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கும். மணலும் ஜல்லியும் பாதித் தெருவை அடைத்துக் கிடக்கும். நம் பக்கத்தில் அந்தக் கருநீலக் கல் பெரும்பாலும் சார்னோக்கைட். பல்லாவரம், திரிசூலம் குன்றுகளெல்லாம் அந்தக் கல்தான். உள்ளங்கையில் அடங்கும் ஒன்றரை ஜல்லி ஒன்று போதும். மங்கம்பேட்டையில் அதே அளவுக்கு ஒரு பாரைட் (பேரியம் சல்பேட் கனிமம்) துண்டை மறு கையில் வாங்கிப் பார்த்தால், எந்தக் கல்லைச் சேர்த்துவைக்கத் தகும் என்கிறோம், எதற்காக அப்படிச் சொல்கிறோம் என்பதையெல்லாம் திரும்ப யோசிக்க வேண்டியிருக்கும். பாரைட் சேகரிக்க ஆசைப்படுகிற தமிழர் முதலில் வாங்கிவைக்க வேண்டியது கண்ணாடிப் பேழைக்குள் மினுக்கும் வெளிநாட்டுத் தங்கநிறப் படிகத்தை அல்ல, ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தள்ளி வெட்டியெடுக்கும் இந்தச் சாம்பல்நிறக் கட்டியை என்பது என் கட்சி. எதிர்க்கட்சி பலமானது என்பதும் தெரியும்.

பூந்தமல்லி, திருவள்ளூர், திருத்தணி, புத்தூர் வழியாகப் போகும்போது நம்மவர்களில் பலருக்கு உலகம் திருப்பதியோடு முடிந்துவிடுகிறது. ரேணிகுண்டாவில் மலையேறாமல் கடப்பைச் சாலையைப் பிடித்தால், சேஷாசல மலைத்தொடர் இடது பக்கமாகவே கூட வரும். அந்த மலையைப் பற்றித் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் செம்மரமும் கைதும் துப்பாக்கிச் சூடும்தான். அந்த நினைப்போடு போகிறவருக்குக் கோடூரின் மாந்தோப்பும் வாழைத்தோட்டமும் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். அதைத் தாண்டியதும் சாலையோரத்து இலைகளில் வெள்ளைப் பொடி படியத் தொடங்கும். கல்லை அரைக்கும் மில்கள் வந்துவிட்டன என்று அர்த்தம். ஊர்க்காரர்கள் பாரைட்டைத் தெலுங்கில் முக்குராயி, அதாவது கோலக்கல், என்றுதான் சொல்கிறார்கள். உலகத்தில் ஒரே இடத்தில் குவிந்திருக்கும் பாரைட் படிவுகளில் மிகப் பெரியது மங்கம்பேட்டைப் படிவு; ஏழு கோடி டன்னுக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். அவ்வளவு இருந்தால் படிகங்கள் காலில் இடறும் என்று எதிர்பார்ப்பதுதானே இயல்பு. ஆனால் ஆந்திரப் பிரதேச கனிம வளர்ச்சிக் கழகத்தின் திறந்தவெளிச் சுரங்கத்தில் தெரிவது படிக்கட்டுப் படிக்கட்டாக இறங்கும் பெரும்பள்ளமும், சாம்பலும் கறுப்புமான கல் அடுக்குகளும்தான். சேகரிப்பாளர்களின் ஆல்பங்களைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு எரிச்சல் வருவது நியாயம். கோடூருக்குத் திரும்பி ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழிப் புளுசும் சாப்பிட்டால் எரிச்சல் சற்றுத் தணியும். நம் கேழ்வரகுக் களியின் உடன்பிறப்புதான் சங்கட்டி, காரமெல்லாம் புளுசு என்கிற குழம்பில்தான்.

வயிறு நிறைந்த பிறகாவது கேட்க வேண்டிய கேள்வி, இத்தனை கோடி டன்னில் ஏன் ஒரு நல்ல படிகம் கண்ணில் படவில்லை என்பது. கற்கண்டு காய்ச்சுகிறவர்களைக் கேட்டால் பதில் கிடைக்கும்: முகமும் விளிம்பும் திருத்தமாக வர, பாகுக்குள் நூலைச் சுற்றி இடம் இருக்க வேண்டும். கனிமத்துக்கும் பாறைக்குள் ஒரு வெற்றிடம் வேண்டும். பேரியம் கலந்த நீர் அந்தப் பொந்துக்குள் மெல்ல வந்து சல்பேட்டோடு சேர்ந்தால், சுவரிலிருந்து உள்நோக்கித் தட்டையான பலகைகளாகப் படிகம் வளரும். மங்கம்பேட்டையில் நடந்தது வேறு. நூறு கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கடலடியில் எரிமலைச் சாம்பலோடும் கரிமச் சேற்றோடும் பாரைட் அடுக்கடுக்காகப் படிந்து, இடைவெளியே இல்லாமல் இறுகிவிட்டது. எங்கும் அதுவே நிறைந்திருந்ததால் ஒன்றுக்கும் வளர இடமில்லாமல் போயிற்று. உலகத்தின் பேர்பெற்ற பாரைட் படிகங்கள் கிடைத்த இடங்களை எடுத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் கம்பர்லாந்தில், ஃப்ரிசிங்டன் சுரங்கங்களில் தோண்டியது இரும்பு. ருமேனியாவின் காவ்னிக்கில் ஈயமும் துத்தநாகமும். அமெரிக்காவின் நெவாடாவில், மீக்கிள் சுரங்கத்தில் தங்கம். தெற்கு டகோட்டாவின் எல்க் கிரீக்கில் களிமண் பாறைக்குள் இருக்கும் உருண்டைகளின் வெடிப்புகளில்தான் தேன்நிறப் படிகங்கள் இருக்கின்றன. அழகான பாரைட்டைத் தந்த இந்த இடங்களில் யாரும் பாரைட்டுக்காகச் சுரங்கம் வெட்டவில்லை. பக்கத்திலேயே இன்னொரு சான்றும் உண்டு. புனேவுக்கு அருகில் வாகோலியில் ஜல்லிக்காகக் கல் உடைத்த குவாரிகளில் நீலக் கேவன்சைட், ஸ்டில்பைட் படிகங்கள் கிடைத்து உலக அருங்காட்சியகங்களுக்குப் போயின. நம் திரிசூலத்திலும் ஜல்லிதான் உடைத்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. தக்காணத்தின் கல் எரிமலைக் குழம்பு. ஆறும்போது வாயுக் குமிழிகள் பொந்துகளாக நின்றுவிட்டன. சார்னோக்கைட்டோ பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்து அழுத்தத்தில் உருவானது. அங்கே பொந்துக்கு வழியில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் எதிர்க்கட்சிக்காரர் விடமாட்டார். காரணம் இருக்கட்டும், அலமாரியில் வைக்க அழகு வேண்டாமா என்பார். சேகரிப்பது கண்ணுக்காகத்தானே? மற்றக் கனிமங்களைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பாரைட்டின் முதல் குணம் கண்ணுக்குத் தெரிவதில்லை, கைக்குத்தான் தெரியும். அதன் அடர்த்தி தண்ணீரைப் போல நாலரை மடங்கு. ஜல்லிக்கல்லுக்கு மூன்றுக்குள் அடங்கிவிடும். உலோகத்தின் பளபளப்பு எதுவும் இல்லாமல் உலோகத்துக்குப் பக்கத்தில் கனக்கும் கல் இது. இரண்டையும் இரு கைகளில் வைத்துக் கண்ணை மூடினால், பாரைட் இருக்கும் கை தானாகக் கீழே இறங்கும். பேழைக்குள் பூட்டிவைத்த படிகத்தில் இந்த அறிவு கிடைக்காது. மங்கம்பேட்டைக் கட்டியை ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்கவும் விஷயம் இருக்கிறது. புதிதாக உடைந்த முகத்தை வெயிலில் சாய்த்தால் பொடிமணிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக மின்னி அணையும். பாரைட் ஒரு திசையில் வழுவழுவென்று பிளக்கக்கூடியது என்பதால் வரும் மினுக்கம் அது. அடிப்பகுதி அடுக்குகள் இப்படிப் பொடிமணியாக இருக்கும். மேல் அடுக்குகளில் பட்டாணி பட்டாணியாக உருண்டைகள் ஒட்டிக்கிடக்கும், நடுவில் கரிமத்தின் கறுப்பு. இந்த உருண்டைகள் எரிமலை உமிழ்ந்து விழுந்தவை என்று சில அறிஞர்கள் வாதிட்டார்கள். கடலடிச் சேற்றிலேயே பேரியமும் சல்பேட்டும் சந்தித்துத் திரண்டவை என்று வேறு சிலர் மறுத்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. நிறத்தால் விலைபோகும் ஒரு படிகத்தைவிட, அறிஞர்கள் இன்னும் சண்டையிட்டுக்கொண்டிருக்கும் ஒரு கட்டி அலமாரிக்குத் தகுதி குறைந்தது என்று எப்படிச் சொல்வது?

வரலாற்றையும் சாட்சிக்கு அழைக்கலாம். பாரைட்டுக்கு முதன்முதலில் உலகப் புகழ் வாங்கிக்கொடுத்த கல்லும் அழகானது அல்ல. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் பொலோனா நகரத்தில் வின்சென்சோ காசியாரோலோ என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, பதெர்னோ குன்றில் சாம்பல்நிற உருண்டைக் கற்களைக் கண்டெடுத்தார். ரசவாதத்தில் பித்துடையவர், இவ்வளவு கனக்கிறதே, உள்ளே உயர்ந்த உலோகம் இருக்கும் என்று நம்பிக் கரியோடு சேர்த்துச் சுட்டார். தங்கம் வரவில்லை. ஆனால் வெயிலில் காட்டிவிட்டு இருட்டறையில் வைத்தால் அந்தக் கல் தணல்போல ஒளிர்ந்தது. அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு ஐரோப்பிய அறிஞர்கள் அந்தக் கல்லின் பின்னால் ஓடினார்கள். 1786 அக்டோபரில் இத்தாலிப் பயணத்தில் இருந்த ஜெர்மானியக் கவிஞர் கெதே பதெர்னோவுக்குக் குதிரையில் போய், மழை அரித்த சரிவுகளில் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். ரோமைப் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்த ஆள், வழியில் பொதியை இப்படிக் கனமாக்கிக்கொண்டது அந்தக் கல்லின் அழகுக்காக இருக்க முடியாது. அங்கேயும் கனம்தான் முதலில் ஆளைப் பிடித்தது, அழகு அப்புறம்.

டன் கணக்கில் லாரியில் போகும் சரக்குக்கு என்ன மதிப்பு, அரிதாக இருந்தால்தானே சேகரிப்பு என்ற வாதமும் உண்டு. மங்கம்பேட்டைச் சரக்கு அரைபட்டுச் சென்னை, கிருஷ்ணப்பட்டினம் துறைமுகங்கள் வழியாக வெளியேறுவது உண்மைதான். உலகத்து பாரைட்டில் பெரும்பங்கு எண்ணெய்க் கிணறுகளுக்குள்தான் போகிறது. துளையிடும்போது கீழிருந்து எரிவாயு பீறிட்டு எழாமல் அடக்கிவைக்க, துளைக்குள் ஊற்றும் சேற்றுக்குக் கனம் வேண்டும். கனமாகவும் இருக்க வேண்டும், கருவியைத் தேய்க்காமல் மிருதுவாகவும் இருக்க வேண்டும், எதனோடும் வினைபுரியவும் கூடாது. இவ்வளவையும் இவ்வளவு மலிவாகத் தருவதற்கு பாரைட்டை விட்டால் ஆளில்லை. ஐயப்பன்தாங்கல்காரர் போரூர்ப் பக்கம் ஏதாவது மருத்துவமனையில் குடலைப் படம்பிடிக்கக் குடித்திருக்கக்கூடிய வெள்ளைக் கஞ்சியும் இதே பேரியம் சல்பேட்டுதான், சுத்தமாகத் தயாரித்தது. பேரியம் நஞ்சு, ஆனால் சல்பேட்டாக இருக்கும்போது தண்ணீரில் கரையவே கரையாது என்பதால் உடம்பில் சேராமல், எக்ஸ்ரேயைத் தடுத்துப் படத்தில் வெள்ளையாகத் தெரிந்துவிட்டு வெளியேறிவிடும். இத்தனை வேலை செய்கிற பொருளின் பிறந்த இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, அரிது என்ற ஒரே காரணத்துக்காக பெரு நாட்டுப் படிகத்தை இணையத்தில் ஏலம் கேட்பது எனக்கு விசித்திரமாகத் தோன்றுகிறது. தவிர, ஒரு கல்லின் மதிப்பில் பாதி, அது எந்த ஊர்க் கல் என்று சொல்லும் சீட்டில் இருக்கிறது. 1690களில் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னோக்கின் கல்லறைப் பலகை கொல்கத்தாவில் இருக்கிறது. அந்தக் கல் சென்னைப் பக்கத்துக் கல் என்று அடையாளம் கண்டு, அவர் பெயரையே பாறைக்குச் சார்னோக்கைட் என்று சூட்டினார் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட். ஊர் தெரிந்ததால்தான் பல்லாவரத்துக் கல் உலகப் பாடநூல்களுக்குள் நுழைந்தது. எந்தச் சுரங்கம், எந்த அடுக்கு, எந்த ஆண்டு என்று எழுதாத படிகம் எவ்வளவு ஜொலித்தாலும் வெறும் அலங்காரப் பொருள்.

எதிர்வாதங்களில் நான் மதிப்பது ஒன்று உண்டு: எல்லாரும் ஒரு கல்லை எடுத்துப் போனால் என்ன மிஞ்சும்? புனிதத்தோமையார் மலையின் சார்னோக்கைட்டையும் மங்கம்பேட்டையின் பாரைட் அடுக்குகளையும் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் சின்னங்களாக அறிவித்திருக்கிறது. அறிவித்த இடத்தில் சுத்தியலை எடுப்பது திருட்டு, அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் வெட்டி வெளியே குவித்துவிட்ட கல்லின் விதி வேறு. அது எப்படியும் மில்லுக்குப் போய்ப் பொடியாகப் போகிறது. அதிலிருந்து கைப்பிடி அளவுக்கு ஒன்று அலமாரிக்கு வந்தால் அடுக்குக்கு நஷ்டமில்லை, கல்லுக்கு ஆயுள் கூடும். கேட்டு வாங்க வேண்டும், எழுதி வாங்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பாரைட்டை 2015 பிப்ரவரியில் சிறுகனிமங்களின் பட்டியலுக்கு மாற்றிய மத்திய அரசு, 2025 பிப்ரவரியில் திரும்பவும் பெருங்கனிமமாக்கியிருக்கிறது. சட்டத்தின் பார்வை பத்தாண்டில் இரண்டு முறை மாறிய பொருளைப் பையில் வைத்துக்கொண்டு செம்மரச் சோதனைச் சாவடியைத் தாண்டுகிறவர் கையில் ஒரு துண்டுச் சீட்டாவது இருப்பது மரியாதை.

படிகமே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. அது இரண்டாவது கல்லாக வரட்டும். வந்தாலும் கூரியரில் வரவழைப்பதற்கு இது உகந்த கல் இல்லை. மிருதுவானது, ஒரு தட்டுத் தட்டினால் பலகையாகப் பிளந்துவிடும். மூன்றாவது கல்லுக்கு வேறு திசையில், வாணியம்பாடிக்கு அருகே, காவலூர் தொலைநோக்கி இருக்கும் மலையடிவாரத்து ஆலங்காயம் போகலாம். சார்னோக்கைட்டுக்குப் பெயர் வைத்த அதே ஹாலண்ட், அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த அந்தப் பக்கத்துக் குவார்ட்ஸ்-பாரைட் பாறையைப் பற்றி 1897இல் எழுதினார். மங்கம்பேட்டையின் பிரம்மாண்டம் அங்கே இல்லை. குவார்ட்ஸோடு பின்னிப்பிணைந்த நரம்புகள்தான். வெளுத்த துண்டில் எது குவார்ட்ஸ், எது பாரைட் என்று கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது, ஒன்றோடொன்று கலந்துகிடப்பதால் எடையும் ஏமாற்றும். பேனாக்கத்தி ஒன்று கொண்டுபோனால் தீர்ந்தது: கீறல் விழுகிற இடம் பாரைட், கத்தி வழுக்குகிற இடம் குவார்ட்ஸ்.