முகம் தெரியாத கை

(ஓமலூர் மாணவி ஒருத்தி, முதுகலைக் கணினி அறிவியல், இரண்டாம் ஆண்டு)

“நீ என்ன படிக்கிறாய்?” என்று எவரேனும் கேட்டால் விடை சொல்லச் சற்றே தயங்குவேன். ஓமலூர்ப் பேருந்து நிலையத்தில் நாள்தோறும் என்னோடு சேலம் பேருந்துக்குக் காத்திருக்கும் பூக்கார அம்மா ஒருநாள் அப்படித்தான் கேட்டார். “கம்ப்யூட்டர்ல திருட்டுப் போகாமப் பாத்துக்கற படிப்புங்க அம்மா” என்றேன். “அப்போ போலீசு வேலைன்னு சொல்லு கண்ணு” என்று சிரித்தார். அன்று மாலையே சித்தப்பா மகன் என்னிடம் வந்து, “அக்கா, பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டைக் கண்டுபிடிச்சுக் குடேன்” என்றான். காலையில் ஒருவர் என்னைக் காவலர் ஆக்கினார். மாலையில் ஒருவன் என்னைக் கள்ளர் ஆக்கினான். உண்மையில் நான் யார்? கணினி அறிவியலில் ‘இணையப் பாதுகாப்பு’ என்னும் பிரிவை விருப்பப் பாடமாக எடுத்துக்கொண்ட ஓர் எளிய மாணவி. அதை ஏன் எடுத்தேன், அதில் என்ன கற்றேன் என்பதையே இந்த ஆண்டு மலரில் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் தந்தையார் கறவை மாடு வைத்திருப்பவர். காலையும் மாலையும் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றுவார். நான் முதுகலையில் சேர்ந்த ஆண்டு, தங்கையின் கல்லூரிச் சேர்க்கைக்காக ஒரு மாட்டைச் சந்தையில் விற்று, அந்தப் பணத்தை வங்கிக் கணக்கில் போட்டு வைத்திருந்தார். ஒரு நண்பகலில் தொலைபேசி ஒலித்தது. “வங்கியிலிருந்து பேசுகிறோம். உங்கள் ஆதார் எண் கணக்கோடு சேரவில்லை. இன்று மாலைக்குள் சரிசெய்யாவிட்டால் கணக்கு முடங்கிவிடும்” என்றது ஒரு குரல். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு, ‘ஐயா’ என்ற விளி. வந்த ஆறு இலக்க ஓ.டி.பி. எண்ணை அப்பா படித்துச் சொன்னார். மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் சொன்னார். மாடு விற்ற பணம் முழுவதும் போயிற்று.

ஒன்பது நாள் அவர் எவரிடமும் வாய் திறக்கவில்லை. கட்டணம் கட்ட வேண்டிய நாள் வந்தபோதுதான் செய்தி வெளிப்பட்டது. அப்போது நான் சொன்ன சொல் இன்னும் என் நெஞ்சைச் சுடுகிறது. “நாலு எழுத்துப் படிச்சிருந்தா இப்படி ஏமாந்திருப்பீங்களா அப்பா?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

அந்தச் சினத்தில்தான் இந்தப் பாடத்தை எடுத்தேன். திருடர்களைப் பிடிக்கும் வித்தை இதில் இருக்கும் என்று எண்ணினேன். முதல் மாதத்திலேயே அந்த எண்ணம் மாறியது. திரைப்படத்தில் வருவதுபோல் விசைப்பலகையைத் தட்டியதும் பச்சை எழுத்துகள் ஓடவில்லை. கரும்பலகை நிறையக் கணக்குத்தான் ஓடியது!

மறைத்துப் பேசுவது நமக்குப் புதிதன்று. குழூஉக்குறி என்று பள்ளியில் இலக்கணம் படித்திருக்கிறோம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பர். அந்தக் குழுவினருக்கு மட்டும் பொருள் விளங்கும். மற்றவர் கேட்டாலும் விளங்காது. உரோமாபுரியின் சீசர் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று எழுத்துத் தள்ளி எழுதினார் என்பதும் இதே வழிதான். ஆனால் இவை எல்லாவற்றிலும் ஒரு குறை உண்டு. மறைபொருளின் திறவுகோலை இருவரும் முன்கூட்டியே பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள் என்ன செய்வது?

இந்த வினாவுக்கு 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் விடை கண்டனர். ஊரே கேட்கும்படி வெளிப்படையாகப் பேசிக்கொண்டே, இருவருக்கு மட்டும் தெரிந்த ஓர் எண்ணை உருவாக்கிக்கொள்ள முடியும் என்று காட்டினர். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் ஆகிய மூவர், பகா எண்களைக் கொண்டு ஒரு பூட்டுச் செய்தனர். 89-ஐயும் 97-ஐயும் பெருக்கினால் 8633 என்று நொடியில் சொல்லிவிடலாம். ஆனால் 8633-ஐக் கொடுத்து, அது எந்த இரு பகா எண்களின் பெருக்கம் என்று கேட்டால் சற்றுத் திணற வேண்டும். எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்களாக வளரும்போது இன்றைய கணினிகளே திணறிப் போகின்றன. அந்தத் திணறல்தான் நமக்குக் காவல்.

இங்கே நம் மண்ணின் மைந்தர் ஒருவரை நினையாமல் இருக்க இயலவில்லை. 1887-இல் ஈரோட்டில் பிறந்த இராமானுசன், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர். அவரும் பேராசிரியர் ஹார்டியும் தோய்ந்திருந்தது எண்ணியலில். எண்ணியலால் போருக்குரிய பயன் எதையும் எவரும் கண்டதில்லை என்று 1940-இல் வெளிவந்த தம் நூலில் ஹார்டி நிறைவோடு குறிப்பிட்டார். இன்றோ வங்கிகளின் கருவூலமும் நாடுகளின் இரகசியமும் அந்த எண்ணியலையே நம்பி நிற்கின்றன. ‘இந்தக் கணக்கு எதற்குப் பயன்படப் போகிறது?’ என்று அலுத்துக்கொள்ளும் கணிதத்துறை நண்பர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

இத்தனை வலிய பூட்டுகள் இருந்தும் திருட்டு நின்றதா? இல்லை. இரண்டாம் பருவத்தில் நாங்கள் உண்மை நிகழ்ச்சிகளைப் படித்தோம். 2016 பிப்ரவரியில் வங்காளதேச மைய வங்கியின் பெயரால், நியூயார்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை மாற்றச் சொல்லிப் பொய்யாணைகள் சென்றன. பெரும்பகுதி தடுக்கப்பட்டது, ஆயினும் 8 கோடியே 10 இலட்சம் டாலர் பிலிப்பைன்சு நாட்டுக்குப் போய்விட்டது. பணமாற்றங்களை அச்சிட வேண்டிய அச்சுப்பொறியை அவர்கள் முடக்கியிருந்தார்கள். ஊழியர்களோ ‘வழக்கமான கோளாறு’ என்று எண்ணினார்கள். நம் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலும் 2018 பிப்ரவரியில் இதே முறையில் மூன்று பொய்யாணைகள் வழியாக ஏறத்தாழ 20 இலட்சம் டாலரை எடுக்க முயன்றனர். அங்கும் அச்சுப்பொறி முடங்கியிருந்தது. மறுநாள் கணக்கை ஒப்பிட்டபோது ஊழியர்கள் கண்டுகொண்டு தடுக்க முனைந்ததால் ஒரு பகுதி தப்பியது.

2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் ஒரு கணினியில் தீய நிரல் புகுந்ததை, அந்த ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அது நிர்வாகப் பணிக்கான கணினி. உலையை இயக்கும் அமைப்போ தனித்துப் பிரிக்கப்பட்டிருந்தது. ‘தனித்துப் பிரித்து வைத்தல்’ என்னும் பாடம் எவ்வளவு பெரியது என்பது அன்று விளங்கிற்று. அரணுக்கும் ஒற்றாடலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் நாட்டில் இது புதிய சிந்தனையும் அன்று.

இவற்றையெல்லாம் படித்தபோதும் என் செருக்கு அடங்கவில்லை. ‘அச்சுப்பொறி நின்றதும் ஐயப்பட்டிருக்க வேண்டாமா? நானாக இருந்தால் விட்டிருப்பேனா?’ என்றே எண்ணினேன். அந்தச் செருக்கு உடைந்த நாளைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் வகுப்பினர் அனைவருக்கும் மின்னஞ்சல் ஒன்று வந்தது. “அகமதிப்பீட்டு மதிப்பெண் பட்டியலில் திருத்தம். இன்று மாலை 5 மணிக்குள் உள்நுழைந்து சரிபார்க்காதவர்களின் மதிப்பெண் ஏற்கப்படாது” என்றிருந்தது. மணி அப்போது நான்கே முக்கால். பேருந்துக்குள் நின்றுகொண்டே, நடுங்கும் கையால், என் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினேன். அடுத்த நொடி திரையில் ஒரே ஒரு வரி தோன்றியது: “இது பயிற்சி. திங்கட்கிழமை வகுப்பில் பேசுவோம்.”

துறைத்தலைவரின் இசைவோடு எங்கள் பேராசிரியர் நடத்திய சோதனை அது. வகுப்பில் இருபத்தாறு பேர், பதினொருவர் விழுந்தோம். ஐயா எவர் பெயரையும் சொல்லவில்லை. “நீங்கள் அறிவில்லாமல் விழவில்லை. அச்சமும் அவசரமும் சேரும்போது அறிவு ஒதுங்கி நிற்கும். ஏமாற்றுகிறவன் பூட்டை உடைப்பதில்லை, உங்கள் கையாலேயே திறக்க வைக்கிறான்” என்று மட்டும் கூறினார்.

என் காதில் அந்தப் பழைய குரல் ஒலித்தது: ‘இன்று மாலைக்குள்...’ அப்பாவுக்குச் சொன்னதும் அதே சொல். எனக்கு வந்ததும் அதே சொல். நான்கு எழுத்துப் படித்தவள் நான். ஐந்தாண்டு கல்லூரியில் கழித்தவள் நான். அவர் இழந்தது மாடு விற்ற பணம். நான் ஒன்றும் இழக்காதது, என்னை ஏமாற்றியவர் என் ஆசிரியராக இருந்த நற்பேற்றால்தான்.

அன்று இரவு தொழுவத்தில் அப்பாவிடம் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். “அன்னைக்கு அப்படிக் கேட்டது தப்புங்கப்பா” என்றேன். அவர் வைக்கோலைப் பிரித்துப் போட்டபடி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “சந்தையில துண்டைப் போட்டு வெரலைப் புடிச்சு வெலை பேசறோம்ல கண்ணு, உள்ள என்ன பேசறோம்னு சுத்தி நிக்கறவனுக்குத் தெரியாது. ஆனா எதிர்ல நிக்கறவன் மொகத்தைப் பாத்துட்டுத்தான் கைய நீட்டுவேன். போன்ல மொகம் தெரியலியே!”

நான் திகைத்துப் போனேன். டிஃபியும் ஹெல்மனும் கண்ட முறைக்கு உள்ள பெருங்குறை இதுவேயன்றோ! இருவர் மறைவாக ஓர் எண்ணை உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் எதிர்முனையில் இருப்பவர் யார் என்பதற்கு அந்த முறையில் உறுதி இல்லை. நடுவில் ஒருவன் புகுந்து, இருபுறமும் தனித்தனியே கைகொடுத்தால், இருவரும் ஏமாறுவர். அதனால்தான் மின்கையொப்பமும் சான்றிதழும் பின்னால் வந்தன. மறைவு வேறு, ஆளறிதல் வேறு. நாங்கள் ஒரு பருவம் முழுவதும் படித்ததை அப்பா மாட்டுச் சந்தையில் கற்றிருந்தார். அடுத்த வாரக் கருத்தரங்கில் துண்டுப் பேரத்தைக் கொண்டுதான் என் உரையைத் தொடங்கினேன்.

எங்கள் ஊருக்கு அருகே தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் ஒரு சிற்ப அமைப்பு உண்டு. இராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். பலமுறை அதைப் பார்த்து வியந்திருக்கிறேன். இப்போது பார்க்கும்போது வாலியின் பக்கமே என் மனம் நிற்கிறது. நம் பெயர், எண், வங்கி, அச்சம் எல்லாம் மறைந்து நிற்பவனுக்குத் தெரிகின்றன. அவனோ நமக்குத் தெரிவதில்லை. வாலி தோற்றது வலிமைக் குறைவாலா?

நண்பர்களே! இந்தப் படிப்பு எளிதென்று சொல்லமாட்டேன். நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. ஆய்வகத்தில் ஒரு கணினியை இருவர் பகிர வேண்டியிருக்கிறது. கணிதத்தில் அடித்தளம் இல்லாவிட்டால் முதல் பருவம் அழவைக்கும். ஆயினும் ஆர்வம் உள்ளவர்க்கு வழி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணினித் தடயவியலோடு சேர்ந்த முதுகலைப் படிப்பு இருக்கிறது. கோவை அமிர்தா பல்கலைக்கழகத்தில் 2005-இலேயே இதற்கெனத் தனி மையம் தொடங்கப்பட்டது. வேலைக்காக வருபவர்கள் வாருங்கள். ஆனால் பிறரை இளக்காரமாகப் பார்க்கும் கண்ணோடு மட்டும் வராதீர்கள்.

வேறு துறையினரும் ஒன்று செய்யலாம். பணம் பறிபோனால் நொடியும் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும் என்பதை உங்கள் வீட்டாருக்குச் சொல்லுங்கள். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் நிறுத்தினால்தான் மீளும் வாய்ப்பு உண்டு. என் தந்தையார் இழந்த வாய்ப்பு அந்த ஒன்பது நாள். அவர் வாயை அடைத்தது அறியாமை அன்று. மகள் என்ன சொல்வாளோ என்ற வெட்கம். அவர் அஞ்சியபடியே நான் சொல்லியும்விட்டேன். ஏமாந்தவரை ஏசாத வீட்டில்தான் செய்தி விரைவில் வெளிவரும். எந்தப் பாடநூலிலும் எழுதியிராத இந்தப் பாதுகாப்பு முறையை நான் பெரும் விலை கொடுத்துக் கற்றேன்.

தங்கை ஓராண்டு தாமதித்து, இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அப்பா இப்போதெல்லாம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், “இருங்க, என் மவ வரட்டும்” என்று சொல்லி வைத்துவிடுகிறார். அந்தச் சொல்லைக் கேட்கும்போது, இன்னும் கையில் வாராத என் முதுகலைப் பட்டம் வந்துவிட்டதுபோல் எனக்குத் தோன்றுகிறது.