ஆண் பனை, பெண் பனை

ஹாப்ஸ் கொடியைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்குப் பனைமரம்தான் ஞாபகம் வந்தது. ஐரோப்பாவின் குளிர்நாட்டுக் கொடிக்கும் ராமேஸ்வரம் தீவின் மணலில் நிற்கிற மரத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். இரண்டிலும் ஆண் தனி, பெண் தனி. இரண்டும் மனிதனின் கோப்பைக்குள் போகிறவை.

பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தருவது ஹாப்ஸின் பெண் பூங்கொத்து. அதன் இதழ்களுக்கிடையே மஞ்சள் தூளாகத் திரளும் பிசின்தான் சரக்கு. பீரைச் சீக்கிரம் புளிக்கவிடாமல் காப்பதும் அதுவே. ஆண் கொடி பக்கத்தில் இருந்தால் மகரந்தம் விழுந்து விதை பிடிக்கும், தரம் குறையும். அதனால் பெரும்பாலான தோட்டங்களில் ஆணைப் பார்த்தால் பிடுங்கிவிடுவார்கள். விவசாயிக்கு இதில் பெரிய சிரமமில்லை, பெண் கொடியின் தண்டையோ கிழங்கையோ வெட்டி நட்டால் பெண்ணேதான் முளைக்கும். சிக்கல் புதிய ரகம் உருவாக்குகிறவருக்கு. விதையிலிருந்து வரும் ஆயிரம் நாற்றில் எது ஆண், எது எந்த மணத்தைத் தரும் என்று பார்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் மரபணுத்தொகுதியை வாசிக்கப் புறப்பட்டார்கள். 2015இல் ஜப்பானியர்கள் ‘ஷின்ஷு வாசே’ ரகத்தின் முதல் வரைவை வெளியிட்டார்கள். 2021இல் அமெரிக்காவின் ‘காஸ்கேட்’ ரகத்துக்கு இன்னும் தெளிவான வரைபடம் வந்தது. பாதிக்கு மேல் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிய புத்தகம் அது. எந்தப் பக்கம் எங்கே சேரும் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

இனி பனை. அதற்கு ஒரே குருத்து. பதியம் கிடையாது, ஒட்டுக் கிடையாது, கொட்டை போட்டால்தான் உண்டு. போட்ட கொட்டை ஆணா பெண்ணா என்பது பாளை விடும்போதுதான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம், வறண்ட மண்ணில் அதற்கும் மேல். நட்டவர் தெரிந்துகொள்ளாமலே போய்ச்சேர்ந்துவிடலாம். ஹாப்ஸைவிடப் பனைக்குத்தான் இந்த வாசிப்பு அவசரம் என்று நான் நினைப்பது இதனால். ஆனால் பணம் பீர் இருக்கும் இடத்துக்குத்தானே போகும்!

எங்கள் வீட்டில் இது ஏட்டுப் பேச்சு இல்லை. அப்பத்தா, தனுஷ்கோடி ஸ்டேஷனில் போட் மெயிலுக்கு இறங்குகிற ஜனத்துக்குப் பதநீர் விற்றவர். தாத்தா ஏறுவார், அவர் விற்பார். 1964 டிசம்பர் புயலுக்கு ஒரு வாரம் முன்னால் பிரசவத்துக்காகத் தங்கச்சிமடம் வந்திருந்ததால் பிழைத்தார்கள். தாத்தா ஆண் பனையை ‘அலகு’ என்றும் பெண் பனையை ‘பருவம்’ என்றும்தான் சொல்வார். இரண்டையும் சீவலாம், ஆனால் வேலை வேறு. ஆணில் விரல் விரலாக நீண்ட அலகைக் கடிப்பால் இடுக்கி நசுக்கிப் பக்குவப்படுத்த வேண்டும். பெண்ணில் பிஞ்சுக் குலையோடு சீவுவார்கள். “பருவப் பனை பத்து நின்னா ஒரு குடும்பம் நிக்கும்டா” என்பது அவர் கணக்கு. நுங்கும் பழமும் கிழங்கும் பெண்ணோடுதான்.

கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஹாப்ஸ் பீருக்குச் செய்கிற காவல் வேலையை இங்கே சுண்ணாம்பு வேறு வழியில் செய்கிறது. கள் 1987 முதல் தமிழ்நாட்டில் குற்றம். தனுஷ்கோடி முனையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் கடல் தாண்டினால் அதே மரம், அதே சாறு, போத்தலில் அடைத்து வெளிநாட்டுக்குப் போகிறது. யாழ்ப்பாணத்தில் பனைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. சட்டம் மரத்தை இரண்டு சாதியாக்கியது மாதிரி இயற்கைகூடச் செய்யவில்லை.

பனையின் பால் அறிய முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2007இல் காசர்கோடு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தினர், ஆண் பனையில் மட்டும் தென்படும் ஒரு டி.என்.ஏ. துண்டைக் கண்டு ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அன்றைய முறை, சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டு ஒரு சீட்டு எடுப்பது போன்றது. ஓர் ஆய்வகத்தில் தெரிந்த கோடு இன்னொன்றில் தெரியாமல் போகலாம். மரபணுத்தொகுதியை முழுசாக வாசித்து, ஆணையும் பெண்ணையும் அருகருகே வைத்தால்தான் நம்பகமான அடையாளம் கிடைக்கும். பனையின் சொந்தக்காரனான பேரீச்சைக்கு 2011இல் கத்தாரில் இதைச் செய்துகாட்டினார்கள், ஆண் பெண் வேறுபாடு இருக்கும் பகுதியும் அதில் அகப்பட்டது.

2021இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை தருவதாக அறிவித்தார்கள். நல்ல காரியம். பாதி ஆணாக இருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் தோப்பில் எந்தப் பாதி?

சித்தப்பா தங்கச்சிமடத்தில் வேலியோரம் நாற்பத்தோரு கொட்டை போட்டிருக்கிறார். வடலியாக நிற்கின்றன. போன மாசம் நான் இலைத்துண்டு வெட்டி, ஈரம் உறிஞ்சும் மணி போட்ட உறைகளில் எண் எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தேன். நாரும் மாவுமாக இருக்கிற இந்த இலையிலிருந்து சுத்தமான டி.என்.ஏ. எடுப்பது லேசில்லை. சோம்பிப்போய்ப் பழைய ஓலையை வெட்டினால் பிசின்தான் மிஞ்சும், இளங்குருத்தாக வேண்டும்.

“ஏம்பா, இது ஆணா பொட்டையானு சொல்லிருவியா?”

“சொல்லப் பாக்கணும் சித்தப்பா.”

“ஆணுன்னு தெரிஞ்சா பிடுங்கச் சொல்லுவியோ?”

எல்லாம் பெண்ணாக நின்றால் காய் எங்கிருந்து பிடிக்கும் என்றேன். பத்துப் பன்னிரண்டு பெண்ணுக்கு ஓர் ஆணாவது வேண்டும் என்று அவரே கணக்குப் போட்டார். பிறகு வடலிகளை ஒருமுறை பார்த்துவிட்டு, “ஏறுறதுக்கு ஆளு எங்க இருக்கு? அம்பதடி ஏற எந்தப் பய வாரான்? அதையும் அந்த மிசின்ல பாரு, கட்டையா வளர்ற பனை ஒண்ணு இருக்கானு” என்றார். அது நியாயமான கேள்வி. குட்டைப் பனைக்கான மரபணுவைத் தேடுவதும் இதே வரைபடத்தை வைத்துத்தான். முப்பத்தெட்டாம் உறையில் எண் அழிந்திருந்தது, திரும்ப எழுதினேன்.