குளம் புகுமுன்

தாம்பரத்தைச் சூழ்ந்த ஏரிகளில் தூண்டிலிடுவோருக்கு நன்கு பழகிய மீன் ஜிலேபிக் கெண்டை. அதனை நம் நாட்டு மீன் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அதன் தாயகம் ஆப்பிரிக்கா. எளிய மக்களுக்கு மலிவான புரத உணவு கிடைக்கவேண்டும் என்னும் நல்லெண்ணத்துடன் 1952ஆம் ஆண்டு இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. நோக்கத்தில் குறையில்லை, கேட்கவேண்டிய கேள்விகள்தாம் போதிய அளவு கேட்கப்படவில்லை. பிறந்த சில மாதங்களிலேயே முட்டையிடத் தொடங்கி, குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் அம்மீன், ஆண்டுக்குப் பலமுறை பெருகியது. இடமும் இரையும் போதாமல் பல குளங்களில் உள்ளங்கை அளவிலேயே வளர்ச்சி குன்றியது. நாட்டு மீன்களின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. நீரில் விட்ட மீனைத் திரும்பப் பெற எவராலும் இயலவில்லை.

ஊருக்குப் பழையது, குளத்திற்குப் புதியது

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்து தெற்கே சென்றால், உப்பங்கழி சூழ்ந்த முட்டுக்காடு வரும். 1987இல் சென்னையில் தொடங்கப்பெற்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வுக்களம் அங்குள்ளது. அங்கு ஆராயப்பட்ட மீன்களுள் ஒன்று கொடுவா. மீனவர் வலைக்கு அது பழைய மீன். வளர்ப்புக் குளத்திற்கோ புதியது.

அன்று மாற்றுமீன் ஒன்றின் தேவை அவசரமாக இருந்தது. 1990களின் நடுப்பகுதியில் வெள்ளைப்புள்ளி நோய் பரவி, கடலோர இறால் பண்ணைகள் பல அழிந்தன. இறால் ஒன்றையே நம்பிக் கடன்பட்டோர் கலங்கி நின்றனர். கொடுவாவுக்குச் சுவையும் உண்டு, சந்தையில் நல்ல விலையும் உண்டு. உடனே குளத்தில் விடலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆய்வாளர்களோ, மீனின் இயல்பை முதலில் அறிய முற்பட்டனர்.

மீனிடம் கேட்ட கேள்விகள்

மனிதர் பராமரிப்பில் இம்மீன் இனம்பெருக்குமா என்பது முதல் கேள்வி. கொடுவா ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின்னரே பெண்ணாக மாறும் இயல்புடையது. நன்னீரிலும் உவர்நீரிலும் வளரும்; முட்டையிடுவதற்கோ கடலின் உப்புநீர் வேண்டும். ஆகவே தாய்மீன்களை ஆண்டுக்கணக்கில் பேணவேண்டியிருந்தது. இயக்குநீர் ஊசியிட்டு முட்டையிடத் தூண்டும் முறையில், 1997ஆம் ஆண்டு முட்டுக்காட்டில் கொடுவாக் குஞ்சுகள் பொரிக்கப்பட்டன. இந்தியாவில் இது முதல் வெற்றியாகும்.

குஞ்சு பொரித்ததும் அடுத்த கேள்வி எழுந்தது. கொடுவாக் குஞ்சுகளுள் பெரியது சிறியதை விழுங்கிவிடும். எனவே சில நாள்களுக்கு ஒருமுறை அளவுவாரியாகப் பிரித்து வளர்க்கும் முறை தேவைப்பட்டது. இதனை அறியாது குளத்தில் விடும் விவசாயி, ஆயிரம் குஞ்சுகளை விட்டுச் சிலவற்றையே அறுவடை செய்வார்.

மூன்றாவது கேள்வி உணவைப் பற்றியது. கொடுவா ஊனுண்ணி. ஒரு கிலோ கொடுவாவை விளைவிக்கப் பல கிலோ சிறுமீனை இடவேண்டுமெனில், அது ஏழையின் தட்டிலிருந்து எடுத்துச் செல்வந்தரின் தட்டில் வைப்பதாகிவிடும். ஆகவே குருணைத் தீவனத்தைத் தின்ன அதனைப் பழக்கும் முயற்சியும் ஆய்வின் ஒரு பகுதியாயிற்று.

எந்த நீருக்கு எந்த மீன்?

2010இல் மண்டபத்தில், மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையம் கடல் விரால் மீனைச் செயற்கைமுறையில் இனப்பெருக்கம் செய்வித்தது. கொடுவாவைவிட விரைந்து வளரும் மீன் அது. கடலில் மிதக்கும் கூண்டுகளுக்கு ஏற்றது. ஆயினும் நன்னீர்க் குளம் அதற்கு ஆகாது. மழைக்காலத்தில் உப்பு குறைந்தும் கோடையில் மிகுந்தும் மாறும் கழிநீரையோ கொடுவா தாங்கும். எனவே 'சிறந்த மீன் எது?' என்பதைவிட, 'இந்த நீருக்கு உரிய மீன் எது?' என்பதே பயனுள்ள வினா.

முட்டுக்காட்டுக்கு வடக்கே, அதே சாலையில் நீலாங்கரை உள்ளது. 2009இல் வன்னமெய் என்னும் அயல்நாட்டு இறாலை வளர்க்க அனுமதி வழங்கப்பட்டபோது, வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்களைத் தனிமைப்படுத்தி நோய் உண்டா எனச் சோதிக்கும் நிலையம் அங்கு அமைந்தது. சோதனையில் தேறியவையே குஞ்சுப் பொரிப்பகங்களுக்குச் செல்லும். 1952இல் ஜிலேபிக் கெண்டை வந்ததற்கும், இவ்விறால் வந்ததற்கும் இடையே நாடு கற்ற பாடம் இது.

ஆய்வகத் தொட்டியில் ஒரு மீன் தோற்றால் இழப்பு ஒரு தொட்டியளவே. கடன் வாங்கிக் குளம் வெட்டியவரிடம் அதே மீன் தோற்றால், ஒரு குடும்பம் தன் வாழ்வை இழக்கும். தப்பி ஏரியில் பெருகினால், ஓர் ஊரே தன் மீனை இழக்கும். முட்டுக்காட்டில் செலவான ஆண்டுகள், இவ்விரு இழப்புகளையும் தடுப்பதற்குக் கொடுத்த விலையாகும்.